கூம்புத் தொப்பி போட்டால் சைகோன்காரர் ஆகிவிட முடியாது

ராத்திரி பத்தேகால் மணிக்கு +84 என்று தொடங்கும் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் பள்ளத்தூர்ப் பக்கத்து அண்ணன், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "தாயி, போனைப் புடுங்கிட்டுப் போயிட்டான். நான் எந்த ஓட்டல்ல தங்கியிருக்கேன்னு சொல்லு."

அங்கே மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹோ சி மின் நகரத்தில், அதாவது நம் பழைய சைகோனில், ஒரு ரோட்டோரக் காப்பிக் கடையில் நின்றுகொண்டு, கடைக்கார அம்மாவின் போனை வாங்கிப் பேசுகிறார். ஓட்டல் பெயர், விசா நகல், திரும்பி வரும் டிக்கெட், பேங்க் ஓடிபி எல்லாமே பறிபோன அந்தப் போனில்தான். என் நம்பர் மட்டும் எப்படி இருந்தது என்றால், கிளம்பும்போது எல்லோருக்கும் நான் கொடுக்கும் மஞ்சள் துணிப்பையில் என் டிராவல்ஸ் ஆபீஸ் நம்பர் அச்சடித்திருக்கும். 'இதைத் தூக்கிட்டுப் போனா ஊர்நாட்டான்னு தெரிஞ்சுடும்' என்று அதை நாலாக மடித்துத் தோள்பைக்குள் திணித்து வைத்திருந்தாராம்.

இந்த வருஷத்தில் இது மூன்றாவது. மூன்றும் மூன்று ஊர், கேள்வி மட்டும் ஒன்றுதான். ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணனும் அதையேதான் கேட்டார். "அந்த ஊர்க்காரன் மாதிரியேதானே தாயி இருந்தேன், எப்படிக் கண்டுபிடிச்சான்?"

அங்கே 'பென் தான்' என்கிற சந்தையில் வாங்கிய பூப்போட்ட சட்டை, முட்டி வரை டிராயர், தலையில் பனையோலைக் கூம்புத் தொப்பி. இதுதான் அண்ணனின் ஊர்க்கார வேஷம். பிறகு போட்டோவில் பார்த்தேன்.

காரைக்குடி செக்காலை ரோட்டில் அப்பா போட்ட டிராவல்ஸ் கடையை நான் பார்க்க ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. குழுக்களோடு நானும் போய் வருகிறேன். 'சட்டையை மாத்திட்டா ஊர்க்காரனாயிடலாம்' என்கிற இந்த ஒரு நினைப்போடு போராடியே என் தொண்டை காய்ந்துவிட்டது. இன்றைக்குக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், கேளுங்கள்.

அந்தத் தொப்பியை சைகோனில் யார் போடுகிறார்கள்? கூடையில் பழம் விற்கும் பெண்கள் போடுவார்கள், ஊருக்கு வெளியே வயலில் வேலை செய்பவர்கள் போடுவார்கள். நகரத்தில் வேலைக்குப் போகும் அறுபது வயது ஆண் தலையில் நீங்கள் பார்ப்பது ஹெல்மெட். அவர் போடுவது சாதாரண அரைக்கைச் சட்டையும் முழுக்கால் பேண்டும்தான். அப்படியென்றால் பூப்போட்ட சட்டையும் கூம்புத் தொப்பியும் யாருடைய உடுப்பு? சுற்றுலாப் பயணியின் உடுப்பு. நம் அண்ணன் காசு கொடுத்து அந்த யூனிபாரத்தை வாங்கி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருக்கிறார். ஊரிலிருந்து கட்டிவந்த வேட்டியிலேயே போயிருந்தால் இந்த அளவு தனியாகத் தெரிந்திருக்க மாட்டார்.

இதையே திருப்பிப் பாருங்கள். நம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்கு வரும் வெள்ளைக்காரப் பெண்கள் கண்டாங்கிச் சேலை கட்டி, மல்லிகைப்பூ வைத்து, பொட்டு வைத்துக்கொண்டு வருகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அவர்களை நாம் கானாடுகாத்தான்காரர் என்றா நினைக்கிறோம்? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் வீதியில் பழைய சாமான் கடைக்காரர், ஆள் வாசல்படி ஏறும்போதே விலையை முடிவு பண்ணிவிடுகிறார். வெள்ளைக்காரரை விடுங்கள், கோயமுத்தூர்க்காரர் வந்தாலே நமக்குத் தெரியாதா? எப்படித் தெரிகிறது? அவர் நிற்கிற இடமும் பார்க்கிற பார்வையும் சொல்லிவிடும்.

பினாங்கில் நம்மைப் போலவே கறுப்பாக, நம் பாஷையே பேசும் தமிழர் கடையில் போய் நின்றாலும், வாயைத் திறக்கும் முன்னாலேயே "ஊர்லேர்ந்தா வர்றீங்க?" என்பார். முகம் ஒன்று, மொழி ஒன்று, அங்கேயே மறைய முடியவில்லை. வியட்நாமில் தொப்பி போட்டு மறைய முடியுமா?

பறிப்பவன் உங்கள் சட்டையைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறான். நடைபாதை விளிம்பில், ரோட்டைப் பார்த்து, போனை ஒரு கையில் நீட்டிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு நிற்கிறீர்கள். பக்கவாட்டிலிருந்து பைக் வருகிறது. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊர்க்காரரும் வழி பார்க்கிறார், போனும் பேசுகிறார். ஆனால் கடைச் சுவரை ஒட்டி ஒதுங்கி, ரோட்டுக்கு முதுகு காட்டாமல், போனை நெஞ்சோடு வைத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போடுகிறார். அங்கே பழக வேண்டியது இதைத்தான். சாலையைக் கடப்பதும் அப்படித்தான். சைகோனில் பைக் வெள்ளத்துக்கு நடுவே ஊர்க்காரர் ஓடுவதில்லை, நிற்பதில்லை, பின்வாங்குவதில்லை. ஒரே சீராக மெதுவாக நடக்கிறார், வண்டிகள் அவரைச் சுற்றிப் போகின்றன. நாம் பாதி தூரம் ஓடி, பயந்து திரும்பி, நம்மோடு நாலு பேரையும் விழ வைக்கிறோம்.

நம் ஊர்ப் பெரியவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஒரு காலத்தில் இங்கிருந்து ரங்கூனுக்கும் சைகோனுக்கும் பினாங்குக்கும் மூன்று வருஷக் கணக்காகக் கொண்டுவிக்கப் போனவர்கள் வேஷமா போட்டார்கள்? வேட்டி, நெற்றியில் திருநீறு, கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் பெட்டியடிக்கு முன்னால் சம்மணம். பார்த்தவுடனே செட்டியார் என்று தெரியும். ஆனால் பர்மாவில் பர்மியப் பேச்சும் மலாயாவில் மலாய்ப் பேச்சும் பழகிக்கொண்டார்கள். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் நடக்கலாம், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கற்றுக்கொண்டார்கள். 1857-இல் பினாங்கிலும் 1859-இல் சிங்கப்பூரிலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பியவர்கள் இவர்கள். சைகோனில் அவர்கள் விட்டுவந்த கோயிலைப் பார்க்கப் போன இடத்தில்தான் அண்ணன் போனைத் தொலைத்தார்.

சத்தம். இதை எப்படிச் சொன்னாலும் யாருக்காவது வருத்தம் வருகிறது. நம் வீடுகள் நீளமானவை. முகப்பில் இருந்துகொண்டு இரண்டாம் கட்டுக்குள் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல் நமக்கு. டோக்கியோ ரயிலில் அந்தக் குரலில் "ஏ மீனா, முறுக்கு டப்பா எங்க?" என்றால் பெட்டி முழுவதும் திரும்பிப் பார்க்காது. ஜப்பான்காரர் நாகரிகமாகத் தலையைக் குனிந்துகொள்வார். ஆனால் எத்தனை பேர், எந்தப் பையில் என்ன என்பது எல்லாம் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஐரோப்பாவில் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பவர் ஜேப்படிக்காரராகவும் இருக்கலாம். பாரிஸ் மெட்ரோவிலும் ரோமில் வாடிகன் பக்கம் போகும் 64-ஆம் நம்பர் பஸ்ஸிலும் இடுப்புப் பையை முன்பக்கம் திருப்பி, மேலே கையை வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்கலேட்டரில் சிங்கப்பூரில் இடது ஓரம் நிற்பார்கள், லண்டனில் வலது ஓரம். டோக்கியோவில் இடது, அதே ஜப்பானில் ஒசாகாவில் வலது. மனப்பாடம் செய்ய வேண்டாம், முன்னால் இருப்பவரைப் பார்த்து நில்லுங்கள். குடும்பத்தோடு குறுக்கே நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். ஜெர்மனியில் சுரங்க ரயிலுக்குக் கேட் கிடையாது, அதனால் இலவசம் என்று அர்த்தமில்லை. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. ஒருவர் அதைக் கட்டிவிட்டு வந்து, அந்தக் காசைத் திருப்பி வாங்கித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்.

இன்னொரு வகை உண்டு, இதில் இளவட்டங்கள் அதிகம். 'ஊர்க்காரன் ஓட்டுறான், நானும் ஓட்டுறேன்' என்று தாய்லாந்திலும் வியட்நாமிலும் வாடகை பைக் எடுப்பவர்கள். அந்த நாட்டில் செல்லுபடியாகும் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டி விழுந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். காலில் கட்டோடு ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து என்னைக் கூப்பிட்டு நான் என்ன செய்ய? போன் ஆப்பில் கூப்பிடும் கிராப் வண்டி பிடித்துப் போங்கள்.

ஆச்சிமார்களிடம் ஒரு விஷயம், கெஞ்சித்தான் கேட்கிறேன். தாலியைக் கழற்றச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் ஏழு பவுன் சங்கிலியில் கோத்து, சேலைக்கு மேலே தெரிய விட்டுக்கொண்டு கோலாலம்பூர் தெருவில் நடக்க வேண்டாம். பைக்கில் வந்து இழுத்தால் நகை மட்டும் போகாது, ஆளும் கீழே விழுந்து இழுபடுவார். என் அம்மாவையும் சின்னம்மாவையும் கூட்டிப் போனபோது திருமாங்கல்யத்தை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டேன், சங்கிலி பேங்க் லாக்கரில் இருந்தது. அம்மா முதல் நாள் முழுக்கக் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் மறந்துவிட்டார். சேலையை மட்டும் மாற்றாதீர்கள், நல்லா இருக்கும். பத்துமலையில் சேலை கட்டிய ஆச்சியை யாரும் விசித்திரமாகப் பார்க்கப் போவதில்லை. கைப்பையை ரோட்டுப் பக்கம் இல்லாத தோளில் மாட்டுங்கள், அது போதும். விசேஷத்துக்குப் போகிறோம், நகை கட்டாயம் வேண்டும் என்றால், புறப்படும்போதே விமான நிலையக் கஸ்டம்ஸில் காட்டிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திரும்பி வரும்போது நம் ஆட்களிடமே உங்கள் நகைக்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

நகையைச் சொன்னதும் அடுக்களை ஞாபகம் வருகிறது. மகள் வீட்டுக்குக் குருமாப் பொடி கட்டிக்கொண்டு போகிறவர்களே, கசகசா சேர்த்திருக்கிறீர்களா? அது அபினிச் செடியின் விதை. ஐக்கிய அரபு நாடுகளிலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்ட பொருள். 'சமையலுக்குத்தான்' என்ற சமாதானம் அங்கே எடுபடாது. சீப்புச் சீடையும் மணகோலமும் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுபோங்கள்.

பணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரும் கார்டு நீங்களாக ஆன் பண்ணும் வரை வெளிநாட்டில் வேலை செய்யாது. கிளம்பும் முன் ஆன் பண்ணி, எவ்வளவு வரை என்று வரம்பும் வையுங்கள். கடையில் மெஷின் 'ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா' என்று கேட்டால் உள்ளூர்ப் பணம் என்றே அழுத்துங்கள், ரூபாய் என்றால் கூடுதலாகப் போகும். நோட்டுக் கட்டைத் தெருவில் வைத்து எண்ணாதீர்கள். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் எண்ணுவீர்களா?

இனி, என்னிடம் வந்தால் கையில் ஒரு தபால் அட்டை அளவு அட்டை கொடுப்பேன். ஒரு பக்கம் ஓட்டல் பெயரும் விலாசமும் அந்த ஊர் எழுத்தில் இருக்கும். மறுபக்கம் என் நம்பர், வீட்டு நம்பர், அந்த நாட்டுப் போலீஸ் நம்பர்: மலேசியா, சிங்கப்பூர் இரண்டுக்கும் 999, வியட்நாமுக்கு 113, தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் 1155, ஐரோப்பா முழுக்க 112. தயவுசெய்து அதைச் சட்டைப் பையில் வையுங்கள், போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொண்டு அட்டையை ஓட்டல் மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பாஸ்போர்ட் நகலும் காகிதத்தில் ஒன்று. பாஸ்போர்ட்டே தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், பிறகு நம் தூதரகம். அவர்கள் தரும் அவசரச் சான்று ஊர் திரும்ப மட்டும்தான் உதவும், அங்கிருந்து அடுத்த நாட்டுக்குப் போக முடியாது. மிச்ச டூர் அதோடு முடிந்தது.

அண்ணன் ஊர் வந்து சேர்ந்துவிட்டார். தைப்பூசத்துக்குப் பினாங்கு போக வேண்டுமாம், ஆச்சியையும் கூட்டிக்கொண்டு. மஞ்சள் பை கிழிந்துவிட்டது, வேறு இரண்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

கடை ராத்திரி எட்டு மணி வரை திறந்திருக்கும். பயணத்துக்கு முந்தின நாள் பதினோரு மணிக்குக் கூப்பிட்டு "சார்ஜர் எந்தப் பின்னு?" என்று கேட்காதீர்கள். மலேசியா, சிங்கப்பூர் இரண்டிலும் மூன்று செவ்வகப் பின்.