கல்லீரலில் காற்று, குடலில் கல்

“எண்பது வயதைக் கடந்த என் தாயாருக்கு வயிற்று வலியும் வாந்தியும் வந்தன. தானாகவே சரியாகி, மறுபடியும் வந்தன. ஸ்கேன் எடுத்த மருத்துவர்கள் பித்தநாளத்தில் காற்று இருக்கிறது, சிறுகுடலில் பித்தப்பைக் கல் அடைத்திருக்கிறது என்கிறார்கள். பித்தப்பையில் இருக்க வேண்டிய கல் குடலுக்கு எப்படிப் போகும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசேர்க்கும் பொதுப் பித்தநாளத்தின் உள்விட்டம் சுமார் 6 மில்லிமீட்டர்தான். குடலை அடைக்கும் கற்களோ பெரும்பாலும் 2.5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவை. அந்த நாளத்தின் வழியே அவை வந்திருக்கவே முடியாது. தங்களுக்கென்று வேறொரு வழியைத் திறந்துகொண்டுதான் வருகின்றன.

பித்தப்பை, முன்சிறுகுடலை ஒட்டியே அமைந்திருக்கிறது. உள்ளே பெரிய கல் இருந்து, பித்தப்பை அடிக்கடி அழற்சியுற்றால், இரண்டு உறுப்புகளின் வெளிச்சுவர்களும் ஒட்டிக்கொள்கின்றன. கல் அழுத்தும் இடத்தில் திசுவுக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. அந்தப் பகுதி மெல்லச் செத்து அரிக்கப்படுகிறது. ஒரு கட்டத்தில் சுவர்கள் துளைபட்டு, பித்தப்பையிலிருந்து குடலுக்கு நேரடிப் பாதை ஒன்று உருவாகிவிடுகிறது. இதுவே ஃபிஸ்டுலா. சுவர்கள் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டிருப்பதால் பித்தம் வயிற்றறைக்குள் கசிவதில்லை. நோயாளிக்குப் பெரிய அறிகுறி எதுவும் தெரியாமலே இது நடந்து முடியலாம். கல் வளரவும் சுவர் அரிக்கப்படவும் காலம் பிடிக்கும் என்பதால்தான் இந்த நோய் முதியவர்களிடம், அதிலும் பெண்களிடம், அதிகம் காணப்படுகிறது.

இனி, அந்தக் காற்று. இந்த நோயில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி அதுதான். பித்தநாளம் குடலில் திறக்கும் வாயிலில் ஒரு சுருக்குத்தசை காவல் இருக்கிறது. பித்தம் இறங்கும், குடலில் உள்ள காற்று மேலேறாது. ஃபிஸ்டுலா இந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு போகும் வழி. அதன் வழியே குடலின் காற்று பித்தப்பைக்கும், அங்கிருந்து கல்லீரலுக்குள் கிளைபரப்பும் நாளங்களுக்கும் ஏறுகிறது. நோயாளி மல்லாந்து படுத்திருக்கும்போது, மேற்புறமாக அமைந்த இடதுபக்க நாளங்களில் போய்த் தங்குகிறது. சி.டி. ஸ்கேனில் அது கரிய கிளைகளாகத் தெரியும். அந்தக் கிளைகள் கல்லீரலின் மையத்தை ஒட்டியே நிற்கும். ஏனென்றால் பித்தம் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி ஓடுகிறது, காற்றையும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. குடல் அழுகும்போது, குடலின் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் புகும் வாயுவோ, ரத்தத்தோடு ஓடி விளிம்புவரை போய்விடும். இரண்டும் காற்றுதான், ஆனால் எந்தத் திரவம் சுமந்தது என்பதை அது நிற்கும் இடமே சொல்லிவிடுகிறது! முன்பு எண்டோஸ்கோப்பி மூலம் அந்தச் சுருக்குத்தசையை வெட்டிவிட்டவர்களுக்கும் பித்தநாளத்தில் காற்று இருக்கலாம். எனவே அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

அடைபட்டு உப்பிய சிறுகுடல், பித்தநாளத்தில் காற்று, இருக்கக் கூடாத இடத்தில் கல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னவர் கதிரியக்க மருத்துவர் லியோ ரிக்லர், ஆண்டு 1941. அவர் பார்த்தது சாதாரண எக்ஸ்ரே. பெரும்பாலான பித்தப்பைக் கற்களில் சுண்ணாம்புச் சத்து போதாததால் எக்ஸ்ரேயில் கல் தெரிவதில்லை. இன்று சி.டி. ஸ்கேன் அந்தக் குறையைப் பெருமளவு போக்கிவிட்டது.

குடலுக்குள் வந்த கல் உடனே அடைப்பதில்லை. ஓரிடத்தில் சிக்கும், அதற்கு மேலே உள்ள குடல் நீரும் காற்றும் நிறைந்து விரியும், பிடி தளரும், கல் உருண்டு கீழே போகும். வலி நின்றுவிடும். சிறிது நேரம் கழித்து வேறோர் இடத்தில் சிக்கும். கடைசியில், சிறுகுடல் குறுகி அசைவும் தளர்ந்திருக்கும் இலியத்தின் (சிறுகுடலின் கடைப்பகுதி) முடிவில்தான் பெரும்பாலும் நிரந்தரமாக மாட்டிக்கொள்கிறது. வாசகரின் தாயாருக்கு இடையில் கிடைத்த நிம்மதிக்கு இதுவே காரணமாக இருக்கலாம். இந்த நிம்மதியை நம்பித்தான் பல குடும்பங்கள் ‘வாயுத் தொல்லை’ என்று விட்டுவிடுகின்றன. சிலர் பேதி மருந்தும் கொடுக்கிறார்கள்; அடைபட்ட குடலை மேலும் முறுக்கி இயங்கவைப்பது ஆபத்து. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கற்கள் வெளியேறும் என்ற பிரசாரத்தையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். அப்படி ‘வெளியேறிய’ பச்சை உருண்டைகளைச் சோதித்தபோது, அவை குடித்த எண்ணெயே வயிற்றுக்குள் சோப்பாக மாறித் திரண்டவை என்று தெரியவந்திருக்கிறது.

சிகிச்சை நேரடியானது. மூக்குவழிக் குழாயால் வயிற்றில் தேங்கியதை வெளியேற்றி, இழந்த நீரையும் உப்புகளையும் நரம்புவழி ஏற்றி, சிறுநீரகமும் இதயமும் தாங்கும் நிலைக்குக் கொண்டுவந்து, அறுவை செய்கிறார்கள். கல் அழுத்திய இடம் நலிந்திருக்கும் என்பதால் அங்கே வெட்டுவதில்லை. கல்லைச் சற்று மேலே தள்ளி, நல்ல குடலில் நீளவாக்கில் திறந்து எடுத்து, குறுக்குவாக்கில் தைப்பார்கள். அப்போதுதான் குடல் குறுகாது. எடுத்த கல்லின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால், அதோடு உரசிய இன்னொரு கல் எங்கோ இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதனால் குடல் முழுவதையும் கையால் தடவிப் பார்ப்பார்கள்.

அதே மேசையில் பித்தப்பையையும் அகற்றி ஃபிஸ்டுலாவையும் மூடலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1994இல் வெளியான, 1,001 நோயாளிகளைத் தொகுத்த ஆய்வில், கல்லை மட்டும் எடுத்தவர்களிடம் இறப்பு 11.7 சதவீதம், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தவர்களிடம் 16.9 சதவீதம். நலிந்த முதியவருக்குக் கல்லை மட்டும் எடுப்பதையே நானும் சரியென்று கருதுகிறேன். ஆனால் இந்த எண்கள் பழைய மருத்துவக் குறிப்புகளைத் திரட்டியவை. யாருக்கு எந்த அறுவை என்று முன்கூட்டி ஒதுக்கி ஒப்பிட்டவை அல்ல. அரிய நோய், அதிலும் முதியவர்களின் நோய் என்றால் ஆய்வுக்குப் பணம் ஒதுக்க யாரும் முன்வருவதில்லை. அது பெரிய குறை.

பித்தப்பையை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்றும் வாசகர் கேட்டிருக்கிறார். உள்ளே வேறு கல் இல்லையென்றால் ஃபிஸ்டுலா பல நேரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். மறுபடி அடைப்பு வருவது சுமார் 5 சதவீதத்தினருக்கு. உடல் தேறிய பிறகு ஓர் அல்ட்ராசவுண்ட் எடுத்து, மீதிக் கற்கள் இருக்கின்றனவா என்று அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல், மஞ்சள்காமாலை, வலப்பக்க மேல்வயிற்று வலி ஆகியவற்றில் எது வந்தாலும் இரண்டாவது அறுவையைப் பற்றி அப்போது முடிவு செய்யலாம்.