தத்து: கொடுத்த பிள்ளையும் ஏற்ற பிள்ளையும்

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு குழந்தைக்குப் பெற்றோர் ஆவது பழைய கதையாகிவிட்டது. 'மாடர்ன் ஃபேமிலி' 2009இல் தொடங்கியபோது, முதல் பகுதியிலேயே மிட்செலும் கேமரனும் வியட்நாமிலிருந்து லில்லியைத் தூக்கிக்கொண்டு வந்து குடும்பத்தார் முன்னால் நிற்கிறார்கள். இதைப் பார்க்கும் ஈரோட்டுக்காரர் பக்கத்தில் இருப்பவரிடம், "ரெண்டு ஆம்பளைங்க ஒரு புள்ளையெ எடுத்து வளத்தறாங்க" என்பார். சப்டைட்டில் எழுதுகிறவரோ 'தத்தெடுத்தார்கள்' என்று போடுவார். இரண்டும் ஒரே செய்திதானே என்று தோன்றும். சட்டத்திலும் சொல் வரலாற்றிலும் அவை வேறு வேறு.

தத்து என்று தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று நம்முடையது. தத்துதல் என்றால் தாவுதல். குழந்தை தத்தித் தத்தி நடப்பதும், காட்டில் தத்துக்கிளி துள்ளுவதும் இதில் வரும். இதே வடிவத்துக்குக் கண்டம், உயிராபத்து என்ற பொருளும் இருக்கிறது. சோசியர் "பையனுக்குப் பன்னண்டு வயசுல ஒரு தத்து இருக்குது" என்று சொல்வது அதுதான். மற்றது வடமொழி 'தத்த' என்பதிலிருந்து வந்தது. அதற்குக் 'கொடுக்கப்பட்ட' என்று பொருள். தேவதத்தன் என்ற பெயரில் இருப்பதும் இதே தத்தம். 'தா' என்னும் தமிழ் வினையிலிருந்தே தத்து பிறந்தது என்பாரும் உண்டு. ஒலி பொருந்துகிறதே தவிர வழி பொருந்தவில்லை. தத்தபுத்திரன், தத்த ஹோமம், தத்தகம் என்று ஒரு கொத்தாகச் சாஸ்திரத்தோடு வந்து இறங்கிய சொல் இது. தனியாக இங்கே முளைத்ததாகக் காட்டச் சான்று இல்லை.

கொடுக்கப்பட்ட பிள்ளை என்றால், கொடுப்பவர் ஒருவர் வேண்டும். இங்கேதான் சொல்லின் எலும்பு தெரிகிறது. மனுநூல் பன்னிரண்டு வகைப் பிள்ளைகளை எண்ணுகிறது. அதில் தத்தன் என்பவன் தாயோ தகப்பனோ நீர் வார்த்துக் கொடுத்தவன். விலைக்கு வாங்கினவன் கிரீதன். பெற்றவர்கள் கைவிட்டுப் பிறர் எடுத்துக்கொண்டவன் அபவித்தன். தானே வந்து 'நான் உங்கள் பிள்ளை' என்றவன் சுயம்தத்தன். இந்தக் கணக்கில் பார்த்தால், காப்பகத்திலிருந்து வரும் குழந்தை தத்தனே அல்ல, அபவித்தன். அபவித்தன் என்ற சொல் ஏட்டோடு போய்விட்டது. தத்து மட்டும் நின்று, எல்லா வகைப் பிள்ளைக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது.

நீர் வார்த்துக் கொடுத்ததன் தடம் பேச்சிலும் இருக்கிறது. 'தாரை வார்த்தாச்சு' என்றால் திரும்பக் கேட்க முடியாது என்று பொருள். 'தத்துப் போனவன்' என்ற வழக்கைக் கவனியுங்கள். "அவன் பெரியப்பன் ஊட்டுக்குத் தத்துப் போயிட்டான்" என்பார்கள். போகிறவன் பிள்ளை. அவன் போவது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, பெரும்பாலும் அதே கூட்டத்துக்குள், அதாவது அதே குலத்துக்குள். பங்காளி வீட்டுப் பையனை எடுத்தால் குலதெய்வம் மாறாது, காணியும் காடும் வெளியே போகாது. கொள்ளி வைக்கவும் ஆள் உண்டு. கொங்கில் இதைச் சுவீகாரம் என்றும் சொல்வார்கள். 'தன்னுடையதாக்கிக்கொள்ளுதல்' என்பது அதன் நேர்ப்பொருள். ஆக, தத்து கொடுப்பவர் பக்கத்துச் சொல், சுவீகாரம் எடுப்பவர் பக்கத்துச் சொல். பழைய பத்திரங்களில் இரண்டும் ஒரே வரியில் வந்தால் மிகைபடக் கூறல் என்று நினைத்துவிடக் கூடாது.

1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, சீவனாம்சச் சட்டமும் இந்தப் பழைய அச்சில்தான் வார்க்கப்பட்டது. ஹோமம் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டு, கொடுத்தலும் எடுத்தலும் மெய்யாகவே நடந்திருக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டது. பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது (குல வழக்கம் இடம் கொடுத்தால் வேறு). ஆண் ஒருவர் பெண் பிள்ளையையோ, பெண் ஒருவர் ஆண் பிள்ளையையோ எடுத்தால் நடுவில் 21 வயது இடைவெளி வேண்டும். ஏற்கெனவே மகன் இருப்பவர் மகனைத் தத்தெடுக்க முடியாது. பணம் கைமாறக் கூடாது. ஒரே பிள்ளையை ஒரே சமயத்தில் இரண்டு பேர் தத்தெடுக்க முடியாது. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிவில் வழக்குகளில் அடிபடும் இடம் பெரும்பாலும் 'கொடுத்தல் எடுத்தல்' தான். பத்திரம் இருக்கும், பதிவும் இருக்கும், ஆனால் பிள்ளையை மடியிலிருந்து மடிக்கு மாற்றியதைப் பார்த்த சாட்சி இருக்காது. பதிவான பத்திரத்தைச் சட்டம் முதலில் நம்பும். பங்காளிகள் அதை உடைக்கப் பார்ப்பார்கள்.

பங்காளிகள் உடைக்கப் பார்ப்பது புதிதும் அல்ல. உடுக்கை அடித்துப் பாடும் அண்ணன்மார் கதையில், பொன்னர் சங்கருக்குத் தகப்பனான குன்னுடையான் கல்குவியலுக்கு அடியில் கிடைத்த பிள்ளை என்று பாடும் வழக்கு உண்டு. பிள்ளையில்லாதவர் எடுத்து வளர்த்த அவனைப் பங்காளிகள் ஏற்காமல் துரத்துவதிலிருந்துதான் கதையே நகர்கிறது. கொடுத்தவர் யார் என்று காட்ட முடியாத பிள்ளை அவன்.

இன்னொரு தத்து உண்டு, விளையாட்டுப் போலத் தெரிந்தாலும் விளையாட்டல்ல. முன்னே பிறந்ததெல்லாம் தங்காமல் போன வீட்டில், அடுத்த குழந்தையை முறத்தில் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கிக்கொள்வார்கள். தவுடன், பிச்சை, குப்பை என்று பெயர் வைப்பதும் அந்த வழியில்தான். முருகன் கோயில்களில் பிள்ளையைச் சாமிக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, தவிடோ காசோ கொடுத்து மீட்டுக்கொள்வதும் இதன் உறவு. இங்கே இரண்டு தத்தும் ஒன்றாகச் சேர்கின்றன: ஆபத்தாகிய தத்து தப்ப, பிள்ளையைத் தத்துக் கொடுக்கிறார்கள். இன்றும் சின்னப் பிள்ளையை அழவைக்கப் பெரியவர்கள் "உன்னயத் தவுட்டுக்குத்தான் வாங்குனோம்" என்பார்கள். எடுத்து வளர்க்கும் வீட்டில் இந்தக் கேலி வேண்டாம். மற்ற வீட்டில் சிரிப்பாகப் போவது அந்த வீட்டில் குத்தும்.

இனி இன்றைய நடைமுறை. காப்பகத்திலிருந்து ஒரு குழந்தையை ஏற்க இப்போது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே வழி. மதம் அங்கே தடையில்லை. மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, ஆவணங்களை ஏற்றி, சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து எழுதும் ஆய்வறிக்கைக்குக் காத்திருக்க வேண்டும். முறை வந்து குழந்தையின் விவரம் காட்டப்பட்டால், ஒதுக்கிக்கொள்ள 48 மணி நேரம். தம்பதி என்றால் கல்யாணமாகி இரண்டு ஆண்டு நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருவர் வயதும் கூட்டி 85க்குள் வரவேண்டும், தனியாள் என்றால் 40க்குள். குழந்தைக்கும் ஏற்பவருக்கும் இடையே 25 வயது குறையக் கூடாது. 2022 செப்டம்பர் முதல் இறுதி ஆணையை நீதிமன்றம் அல்ல, ஆட்சியரே போடுகிறார். அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். கோவையிலோ நாமக்கல்லிலோ இருப்பவர் முதலில் போய்க் கேட்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. ஆஸ்பத்திரியில் நேரே குழந்தையை வாங்கி, நோட்டரியிடம் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் அது தத்து ஆகாது. குற்றம் ஆகும். பணம் கொடுத்திருந்தால், மேலே சொன்ன பட்டியலின்படி அது கிரீதம். 2019இல் ராசிபுரத்தில் வெளியான பச்சைக் குழந்தை விற்பனை வழக்கில் பேச்சே அதுதான்.

இந்தச் சட்டத்தில் கொடுப்பவர் மறைந்துபோகிறார். தாய் குழந்தையை ஒப்படைத்தால், குழந்தைகள் நலக் குழு முன்பு எழுதிக் கொடுத்து, மனம் மாற இரண்டு மாதம் அவகாசம் பெறுகிறார். அவர் யாருக்கென்று கொடுப்பதில்லை. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் எழுதிக் கொடுப்பதுகூட இல்லை, தொட்டிலில் விட்டுவிட்டுப் போகலாம். பிறகு நடப்பது முழுக்க ஏற்பவரின் செயல். அரசு ஏடுகள் இதையும் 'தத்தெடுப்பு' என்றே எழுதுகின்றன. எழுதட்டும். சட்டப் பெயரை மாற்றினால் படிவம் நிரப்புகிறவர்தான் குழம்புவார்.

தொடரைப் பற்றி எழுதும்போது வேறு சொல் வேண்டும் என்றால் 'மகவேற்பு' இருக்கிறது. ஆங்கில 'அடாப்ட்' லத்தீனில் 'தேர்ந்துகொள்' என்னும் வினையிலிருந்து வந்தது. வடமொழியில் கொடுக்கிறார்கள், லத்தீனில் தேர்கிறார்கள், தமிழில் ஏற்கிறார்கள். மூன்றில் நமக்குப் பிடித்தது மூன்றாவது. கடையில் பொறுக்குகிற வாடையும் இல்லை, தானம் வாங்குகிற கூச்சமும் இல்லை. அதன் குறை, 'மகவு' ஏட்டுச் சொல். பெருந்துறைச் சந்தையில் யாரும் மகவு என்று பேசமாட்டார்கள். அதனால் கட்டுரையிலும் தலைப்பிலும் மகவேற்பு போடலாம், பாத்திரம் பேசும்போது வேண்டாம். அங்கே "எங்க புள்ளையாக்கிட்டோம்" என்று விட்டால் போதும். ஈரோட்டுக்காரரின் 'எடுத்து வளத்தறது' காதுக்கு இனிமைதான், ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது: வளர்ப்புப் பராமரிப்பும் அதில் அடங்கிவிடும். வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தை சில காலம் மட்டும் ஒரு வீட்டில் இருக்கும், பெற்றவர் உரிமை அறுவதில்லை. அமெரிக்கத் தொடர்களில் ஒரு குழந்தை முதல் சீசனில் வளர்ப்பாக வந்து, பிறகு நீதிமன்றத்தில் மகவேற்பு ஆவதுதான் பாதிக் கதை. இரண்டுக்கும் 'தத்து' என்றே சப்டைட்டில் போட்டால், நீதிபதி சுத்தியலைத் தட்டும்போது ஏன் எல்லோரும் அழுகிறார்கள் என்று பார்ப்பவருக்குப் புரியாது. 'பர்த் மதர்' என்பதை 'உண்மையான அம்மா' என்று பெயர்ப்பது அதைவிட மோசம். 'பெத்த அம்மா' என்று நம்மிடம் சுத்தமான சொல் இருக்கிறது.

அந்த இரண்டு ஆண்களுக்கு என்ன சொல்? 'ஓரினச்சேர்க்கையாளர்' என்பது ஆளைப் படுக்கையோடு சுருக்குகிறது. குழந்தைக்குப் பால் கலக்குகிற காட்சியில் அந்தச் சொல் ஒட்டாது. தன்பாலீர்ப்பு ஈர்ப்பைச் சொல்கிறது, சரியான சொல். சேர்ந்து வாழும் இருவருக்கு 'இணையர்'. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ஒட்டித் தமிழக அரசு 2022இல் இதற்கென ஒரு சொற்பட்டியலையே வெளியிட்டது.

கதையை அப்படியே திருப்பூருக்குக் கொண்டுவந்து எழுத நினைப்பவர் ஓரிடத்தில் முட்டிக்கொள்வார். 2009இல் மிட்செலும் கேமரனும் கலிபோர்னியாவில் கல்யாணம் செய்துகொள்ள முடியாது, ஆனால் இருவரும் ஒரு பிள்ளைக்குச் சட்டப்படி அப்பாக்கள் ஆக முடியும். இங்கே இரண்டும் முடியாது. ஒரே பிள்ளையை இரண்டு பேர் தத்தெடுக்க முடியாது என்று 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் பார்த்த விதி நினைவிருக்கும். 2023 அக்டோபர் 17 தீர்ப்பில், திருமணமானவர்களே தம்பதியாகத் தத்தெடுக்கலாம் என்ற விதியை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் நிலைநிறுத்தினார்கள், இருவர் செல்லாது என்றார்கள். தனியாளாக ஒருவர் விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் தனி ஆணுக்குப் பெண் குழந்தை கிடையாது. ஆக, திருப்பூர் லில்லி பையனாகத்தான் இருக்க வேண்டும். அதிலும், துணையோடு சேர்ந்து வாழும் தனியாளின் மனுவை ஏற்பதில்லை என்று தத்தெடுப்பு வள ஆணையம் 2022 ஜூனில் ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறது. அதையும் தாண்டி ஒருவர் ஏற்றால், மற்றவர் அந்தப் பையனுக்குச் சட்டத்தில் யாரோ. பள்ளிக்கூடத்துப் படிவத்தில் அவர் பெயருக்குக் கட்டம் இல்லை, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட அவருக்கு உரிமை இல்லை. அவரைக் காப்பாளராக உயிலில் எழுதிவைக்கலாம். அது எழுதினவர் போன பிறகுதான் உதவும். சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம், குடும்பம் அமையக் கல்யாணம் ஒன்றே வழியல்ல என்று சொன்னது. அது குடும்பத்தைப் பற்றியது, மகவேற்பு விதி அப்படியேதான் இருக்கிறது.

சட்டம் திண்டாடுகிற இடத்தில் முறைப்பெயர் திண்டாடவில்லை. தொடரில் குழந்தை ஒருவரை 'டாடி' என்றும் மற்றவரைப் 'பாப்பா' என்றும் கூப்பிட்டால், சப்டைட்டில்காரர் இரண்டுக்கும் 'அப்பா' என்று போட்டுக் குழப்புவார். கொங்குத் தமிழில் தகப்பனுக்கு இரண்டு சொல் இருக்கிறது: அப்பா, அய்யன். ஒருவர் அப்பா, ஒருவர் அய்யன். முடிந்தது. இரண்டு பக்கத்துத் தாத்தனும் அப்பாரு, இரண்டு பக்கத்துப் பாட்டியும் ஆத்தா. அப்புச்சியும் அம்மிச்சியும் அம்மா வழித் தாத்தனும் பாட்டியும் என்பதால் அவர்கள் இருக்கமாட்டார்கள். காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டுமே என்பார்கள். தாய்மாமன் இல்லைதான். ஆனால் அப்பாவுடன் பிறந்தவளும் அய்யனுடன் பிறந்தவளும் பையனுக்கு அத்தைதானே. அத்தையைக் கட்டினவர் மாமன். இரண்டு மாமன் மடி இருக்கிறது. எந்த மடி என்று ரெண்டு அத்தைகளுக்கும் சண்டை வந்தால், அதை எழுத எந்தத் தொடரையும் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை.