பயாஸ் டயருக்கு "குறுக்கு இழை"ங்கிறது தப்புங்க, அது சாய்நூல்

போன வாரம் கொடைக்கானல் மலையில பூம்பாறையில மாமா வீட்டுக்குப் போயிருந்தேன், சின்ன டிராக்டருக்குப் பின்டயர் மாத்தணும்னு வத்தலக்குண்டு போயி ரெண்டு மூணு கடையில விலை கேட்டுட்டு ஒரு நோட்டீஸும் வாங்கிட்டு வந்திருந்தாரு. அதுல ஒரு டயருக்கு "ஆர இழை", இன்னொண்ணுக்கு "குறுக்கு இழை"ன்னு போட்டிருந்துச்சு. அதாவது ரேடியல், பயாஸ். மாமா கேட்டாரு, "ஏப்பா, கடையில அறுத்து வச்ச டயரைக் காட்டினாங்க, ரேடியல்லதான் நூல் குறுக்கால ஓடுச்சு, இதுல மாத்திப் போட்டிருக்கானுங்களே?"

மாமா கண்ணுல பாத்ததுதான் சரி, நோட்டீஸுதான் தப்பு. இந்தக் "குறுக்கு இழை"யை நான் பாக்குறது இது எத்தனாவது தடவையோ, அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன்.

சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு சுருக்கமா சொல்லிடுறேன். பயாஸ்ங்கிறது பிரெஞ்சுலேருந்து இங்கிலீஷுக்குப் போன சொல்லு, சாய்வுன்னு அர்த்தம். மனசு ஒரு பக்கமா சாயுறதுங்கிற அர்த்தமெல்லாம் பின்னாடி வந்தது. ரேடியல் லத்தீன் சொல்லு ரேடியஸ்லேருந்து, குச்சி, சக்கரத்தோட ஆரக்கால், ஒளிக்கதிர் எல்லாத்துக்கும் அதான் பேரு. ரேடியல் டயருக்கு மிஷ்லின் கம்பெனி 1946ல காப்புரிமை எடுத்துச்சு, 1949ல விக்க ஆரம்பிச்சுச்சு. அதுக்கு முன்னாடி ஊர்ல ஓடுனதெல்லாம் பெரும்பாலும் சாய்வு நூல் டயர்தான்.

இப்ப டயருக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க. தேஞ்ச டயரைப் பாத்து "நூல் தெரியுது, மாத்துப்பா"ன்னு சொல்றோமே, அந்த நூல்தான் விஷயமே. ரேடியல்ல அந்த நூல் இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரத்துக்கு நேரா, டயர் ஓடுற திசைக்குச் செங்குத்தா, 90 டிகிரியில போகும். பக்கத்துலேருந்து பாத்தா மாட்டுவண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி நடுவுலேருந்து விரியும். பயாஸ்ல ஒரு அடுக்கு நூல் ஒரு பக்கமா சாஞ்சு போகும், சுமாரா 30, 40 டிகிரி, மேல வர்ற அடுக்கு எதிர்ப்பக்கமா சாஞ்சு போகும், ரெண்டும் ஒண்ணையொண்ணு வெட்டிக்கும்.

குறுக்குன்னா தமிழ்ல என்ன? குறுக்குச் சட்டம், குறுக்குவெட்டு, ரோட்டுக்குக் குறுக்க மரம் விழுந்து கெடக்கு, எல்லாமே நெடுக்கப் போறதுக்குச் செங்குத்தா இருக்கிறது. சின்னாளபட்டியில தறி போடுறவங்களைக் கேளுங்க, பாவு நெடுக்க, ஊடை குறுக்க, சாய்வுங்கிற பேச்சே அங்க கெடையாது. அப்ப "குறுக்கு இழை டயர்"னு ஒருத்தர்கிட்ட சொன்னா அவருக்கு மனசுல வர்ற படம் ரேடியல் படம்தான்! பேரு ஒண்ணு, படம் இன்னொண்ணு, அதுவும் இருக்கிறதே ரெண்டு வகை, அதுல நேர் எதிர் வகையைப் போயி காட்டுற பேரை எப்படி வைக்கிறது?

இது எப்படி வந்துச்சுன்னும் தெரியுது. இங்கிலீஷ்ல பயாஸுக்கு கிராஸ் ப்ளைன்னும் ஒரு பேரு உண்டு, ப்ளைன்னா நூல் அடுக்கு, கிராஸ்னா குறுக்குன்னு கண்ணை மூடிட்டுப் போட்டுட்டாங்க. அங்க கிராஸ்னா ஒண்ணையொண்ணு வெட்டிப் போறதுன்னு அர்த்தம், நம்ம குறுக்குமறுக்கு. குறுக்குமறுக்குன்னு முழுசா எழுதியிருந்தாக்கூட நான் ஒத்துக்கிட்டிருப்பேன், மறுக்கை வெட்டிட்டுக் குறுக்கை மட்டும் வச்சா அர்த்தமே தலைகீழாப் போயிருது.

டெய்லர்கள் இதை எப்பவோ தெளிவா வச்சிருக்காங்க. ஜாக்கெட் கழுத்துக்குப் பைப்பிங் வைக்க துணியைச் சாய்வா வெட்டுவாங்க, கிராஸ் பீஸ்னு சொல்லுவாங்க, அப்பதான் துணி இழுத்தா வளைஞ்சு கொடுக்கும். டயர்ல பயாஸ்ங்கிறதும் அச்சு அசல் இதே சாய்வுதான்.

இன்னும் மோசம், பயாஸை "சார்பு டயர்"னு போடுறது. ஒரு தடவை "பாரபட்ச அடுக்கு"ன்னே பாத்தேன். டிராக்டர் டயர் யாருக்குப் பாரபட்சம் காட்டுது? மொழிபெயர்க்கிறவங்க ஒரு தடவை ஒரு டயர்க் கடைக்குப் போயி நின்னா இது நடக்காது, அகராதியில மொத வரியைப் பாத்துட்டு அடுத்த வேலைக்குப் போயிடுறாங்க. கடைசியில அதைப் படிச்சுக் காசைப் போடுறவன் மலங்காட்டுல கேரட்டும் பூண்டும் போடுறவன்.

கடையில "நைலான் டயர்"னும் சொல்லுவாங்க, அதுவும் எனக்குத் திருப்தியில்ல, நைலான்ங்கிறது நூலு எதால செஞ்சதுங்கிறது, எப்படி ஓடுதுங்கிறது இல்ல. அதனால நான் சொல்றது சாய்நூல் டயர். ரேடியலுக்கு ஆரநூல். ஆரம் வடமொழியா தமிழாங்கிற வழக்குக்கு நான் வரல, ஆரக்கால்னா எல்லாருக்கும் புரியுது, அது போதும். ரேடியல்னே சொன்னாலும் தப்பில்ல, டயரையே டயர்னுதான சொல்றோம். கடன் வாங்குன சொல்லு யாரையும் ஏமாத்தாது, தப்பான தமிழ்தான் ஏமாத்தும்.

மாமாவுக்கு நான் சொன்னது இதுதான். ரேடியல்ல பக்கம் நல்லா வளைஞ்சு கொடுக்கும், தரையில அகலமாப் பதியும், வழுக்கல் கம்மி, மண்ணு இறுகுறது கம்மி, தார்ரோட்டுல சூடும் கம்மி, ஆனா விலை கூட. பக்கம் பிதுங்கி நிக்கிறதைப் பாத்துக் காத்து கம்மின்னு நெனச்சு ஏத்திக்கிட்டே இருந்தா அந்த நன்மையெல்லாம் போச்சு. சாய்நூல்ல பக்கம் வெறைப்பு, கல்லுல உரசினாத் தாங்கும், சரிவுல வண்டி ஆடுறது கம்மி. டிரெய்லரைக் கட்டி ரோட்டுல ஓடுறதே அதிகம்னா ரேடியல், கல்லுக்கட்டு ஓரத்துல படிப்படியா இருக்கிற நெலத்துல உழுறதே அதிகம்னா சாய்நூல். மாமாவுக்கு ரெண்டாவதுதான். எது வாங்கினாலும் ஒரே அச்சுல ஒண்ணு அது ஒண்ணு இதுன்னு கலந்து போடக்கூடாது.

நோட்டீஸை நம்பாம டயர் மேலயே பாத்துக்கங்க மாமான்னேன். அளவு போட்டிருக்கிற எடத்துல 8.3-20ன்னு நடுவுல வெறும் கோடு இருந்தா சாய்நூல், கோடு இருக்கிற எடத்துல ஆர் எழுத்து இருந்தா ரேடியல். பழைய தமிழ்ல ஆரக்காலுக்கு ஆர்னே பேரு உண்டு, அதை ஞாபகம் வச்சுக்கிட்டா மறக்காது.