வசூல் முதலில், சட்டம் பிறகு: ஆஸ்திரேலியாவின் அல்கோபாப்ஸ் வரி

வோட்கா, ரம் போன்றவற்றைக் குளிர்பானத்தோடு கலந்து கேனில் விற்பதை ஆஸ்திரேலியாவில் அல்கோபாப்ஸ் என்பார்கள். 2008 ஏப்ரல் 27 முதல் இதன் கலால் வரி, ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 39.36 டாலரிலிருந்து 66.67 டாலராக ஏறியது. 5 சதவீத ஆல்கஹால் கொண்ட 375 மி.லி. கேனில் சுத்த ஆல்கஹால் 18.75 மி.லி. ஆக, கேனுக்கு 74 சென்ட்டாக இருந்த வரி 1.25 டாலராகிவிட்டது. கூடுதலான 51 சென்ட் மீதும் 10 சதவீத ஜிஎஸ்டி உண்டு.

அன்றைக்கு இதற்குச் சட்டமே கிடையாது. நாடாளுமன்றத்தில் வைக்கும் வரி முன்மொழிவை வைத்தே அங்கே வசூலிக்கலாம். கலால் சட்டத்தின் 114ஆம் பிரிவும் சுங்கச் சட்டத்தின் 226ஆம் பிரிவும் அந்த வசூலை எதிர்த்து அதிகபட்சம் 12 மாதங்களுக்கு யாரும் வழக்குத் தொடர முடியாமல் தடுக்கின்றன. வழக்குக்குத்தான் தடை; வரி சட்டப்படியானதாகிவிடாது. பலர் குழம்புவது இங்கேதான்.

2009 மார்ச்சில் இந்த உயர்வைச் சட்டமாக்கும் மசோதா நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கு வந்தபோது வாக்குகள் சரிசமமாகப் பிரிந்தன. சமமென்றால் தோல்வி. 12 மாதக் கெடுவும் நெருங்கிவிட்டது. சட்டமில்லாமல் வசூலித்த பணத்தைத் திருப்பினால் அது வரி கட்டிய உற்பத்தியாளருக்கும் இறக்குமதியாளருக்குமே போகும். அவர்களோ வரியை விலையில் ஏற்றி விற்றுவிட்டார்கள். கேன் வாங்கியவருக்கு ஒரு சென்ட்டும் வராது.

ஆகவே 2009 மே மாதம், ஏற்கெனவே வசூலித்த வரியைச் சட்டப்படியானதாக்கும் செல்லுபடியாக்கல் சட்டங்கள் வந்தன. கலால் வரியையும் சுங்க வரியையும் ஒரே சட்டத்தில் விதிக்க அரசியலமைப்பின் 55ஆம் பிரிவு இடம் தராததால், இரண்டு தனித்தனிச் சட்டங்கள். 2008 ஏப்ரல் 27 முதல் 2009 மே 13 வரையிலான வசூலுக்கு மட்டுமே அவை பொருந்தும். அதற்குப் பிந்தைய காலத்துக்குப் புது முன்மொழிவு தேவைப்பட்டது. நிரந்தரச் சட்டம் ஆகஸ்ட்டில்தான் நிறைவேறியது.

இந்த விஷயத்தில் செல்லுபடியாக்கியது நியாயமே. ஆனால் சட்டமில்லாமல் ஓராண்டு வசூலிப்பது மிக அதிகம். இந்தியாவில் பட்ஜெட்டில் அறிவித்த சுங்க, கலால் மாற்றங்களுக்கு 75 நாள்தான் கெடு. அதற்குள் சட்டமாகாவிட்டால் கூடுதல் வசூலைத் திருப்பித் தரச் சட்டமே சொல்கிறது.

இப்படி இடைக்காலத்தில் வரி கட்டும் நிறுவனங்கள் ஒவ்வொரு சரக்கு விடுவிப்புக்கும் தேதி, அளவு, ஆல்கஹால் சதவீதம், விகிதம், கட்டிய தொகை ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்து வையுங்கள். திரும்பி வரக்கூடும் என்ற பணத்தை வருமானக் கணக்கில் ஏற்றாதீர்கள். செல்லுபடியாக்கல் வந்தால் அது ஒரே நாளில் இல்லாமல் போகும். மொத்த வியாபாரியோடு போடும் ஒப்பந்தத்தில், வரி திரும்ப வந்தால் அது யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.