அது பாசம்தான், சரி. சர்க்கரை பார்த்தீர்களா?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை ஏழரை மணி. கிளினிக் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு டாக்ஸி வந்து நின்றது. பின் சீட்டில் 74 வயதுப் பெரியவர். சட்டை வேர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருக்கிறது, ஆள் நிதானத்தில் இல்லை. பக்கத்தில் மகள் கொஞ்சமும் பதறாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பதறாததுதான் என்னை இதை எழுத வைக்கிறது. (இங்கே பர்மாவில் பெண் டாக்டரைச் ‘சயாமா’ என்று கூப்பிடுவார்கள்.)

“அம்மாகிட்ட பேசிக்கிட்டிருக்காரு சயாமா. ரெண்டு வாரமா காலைல இப்படித்தான். அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு, என்னைப் பாத்து யாருன்னு கேப்பாரு. ஒரு டீ குடிச்சா தெளிஞ்சிடும். இன்னிக்குத்தான் தெளியல. அம்மா மேல அவ்வளவு பாசம்.”

டீ குடித்தால் தெளிந்துவிடும்! நம் யங்கோன் டீயில் எவ்வளவு கண்டன்ஸ்டு மில்க் ஊற்றுகிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். நோய் என்னவென்று அந்த ஒரு வார்த்தையிலேயே இருக்கிறது. விரல் நுனியில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை 38. வெறும் வயிற்றில்கூட 70-க்குக் கீழே போகக் கூடாது.

பெரியவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. ரத்த அழுத்தம் மட்டும்தான். சர்க்கரை நோய் இருந்தது அவருடைய மனைவிக்கு. அந்த அம்மா போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது.

குளுக்கோஸ் ஏற்றி, அவருக்குத் தெளிவு வந்த பிறகு மெதுவாகக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். மகளை வெளியே அனுப்பியதும் சொன்னார். “பதினோரு வருஷம் காலைல அவளுக்கு மாத்திரை எடுத்துக் குடுத்தது நான்தான் சயாமா. கை நிக்க மாட்டேங்குது. எடுத்து வச்சிடுவேன், சாயங்காலம் திருப்பிப் பெட்டில போட்டுடுவேன். இந்த மாசம் எங்க கல்யாண நாள் வந்துச்சு. அன்னிக்குத் திருப்பிப் போட மனசு வரல. நானே போட்டுக்கிட்டேன். அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு.”

அந்த மாத்திரை கிளிபென்கிளமைடு, ரத்தச் சர்க்கரையை இறக்குவது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கும். வயதானவர்களுக்கு நாங்கள் எழுதவே தயங்குகிற மாத்திரை இது. ஒரு தடவை குளுக்கோஸ் கொடுத்ததும் சர்க்கரை ஏறும், ‘பிழைத்துவிட்டார்’ என்று வீட்டுக்கு அழைத்துப் போவார்கள், சில மணி நேரத்தில் மறுபடியும் இறங்கும். இவருக்கும் ஆஸ்பத்திரியில் அன்று மத்தியானம் ஒரு முறை, நடு இரவில் ஒரு முறை இறங்கியது. வீட்டில் இருந்திருந்தால் தூங்குகிறார் என்று விட்டிருப்பார்கள்.

மாத்திரை விஷயத்தை இதோடு விடுகிறேன். ஒருவர் மாத்திரையை இன்னொருவர் போடக் கூடாது, அவ்வளவுதான். இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு ஆத்திரமே அந்த ‘பாசம்’ என்ற வார்த்தை மேல்தான். பாசத்தின் மேல் இல்லை, அந்த வார்த்தையை நாம் மூடியாகப் போட்டு மூடுகிறோமே, அதன் மேல். மனைவியை இழந்த ஆண் மெலிந்தால் ஏக்கம். சாப்பிடாவிட்டால் ஏக்கம். இருட்டில் தடுமாறி விழுந்தால் அவள் நினைவாகவே இருக்கிறார். உளறினால் அவளோடு பேசுகிறார். அத்தைமார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு “இந்தக் காலத்துல இப்படி ஒரு புருஷனா” என்பார்கள். பெரியவருக்குப் பெருமை, பிள்ளைகளுக்கும் பெருமை. ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் யாரும் அழைத்துப் போக மாட்டார்கள்.

போன வருடம் இப்படித்தான் இன்னொருவர். ஐந்து மாதத்தில் பதினோரு கிலோ குறைந்திருந்தார். கைலி இடுப்பில் நிற்கவில்லை. இரவில் வேர்வை, விடாத இருமல். மகன் சொன்னது: “அம்மா போனதுலேருந்து உருகிக்கிட்டே இருக்காரு.” எக்ஸ்ரே எடுத்தால் வலது நுரையீரலின் மேல் பகுதி முழுக்கக் காசநோய். இந்த நாடு உலகிலேயே காசநோய் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது ஐயா. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதிக்க வேண்டும், மனைவி உயிரோடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. மருந்து அரசுத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். ஐந்து மாதமும் தாத்தா மடியில்.

துக்கம் உடம்பைப் பாதிக்காது என்று நான் சொல்லவில்லை. பாதிக்கும். பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 1969-லேயே வந்த ஆய்வு ஒன்று உண்டு. 55 வயதைத் தாண்டி மனைவியை இழந்த 4,486 ஆண்களைக் கவனித்தார்கள். முதல் ஆறு மாதத்துக்குள் 213 பேர் இறந்துபோனார்கள். அதே வயதில் மனைவியோடு வாழும் ஆண்களைவிட 40 சதவீதம் அதிகம். அதிகம் பறித்தது இதய நோய்தான். ஆக, ‘ஏக்கம்’ என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அது டாக்டரிடம் போகாமல் இருப்பதற்குக் காரணம் அல்ல, முதலில் போவதற்குக் காரணம்.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே யாராவது அப்பாவை இழுத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் போவீர்கள். இறந்த மனைவியின் குரல் கேட்பது, பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றுவது, படத்தோடு பேசுவது, இவை பைத்தியம் இல்லை. 1971-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, வேல்ஸ் நாட்டுக் கிராமப்புற டாக்டர் ஒருவர் துணையை இழந்த 293 பேரை நேரில் கண்டு கேட்டார். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருந்தது. பெரும்பாலோர் யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

அப்படியானால் வித்தியாசம் எப்படித் தெரியும்? மனைவியோடு பேசுகிறவர், நீங்கள் கூப்பிட்டால் திரும்பி உங்களோடும் பேசுவார், உங்களை யாரென்று தெரியும். வேர்த்து, கை நடுங்கி, மகளையே யாரென்று கேட்டால் அது நினைவு அல்ல. மூளைக்குச் சர்க்கரை போகாமல் இருக்கலாம். காய்ச்சலாக இருக்கலாம், பக்கவாதமாக இருக்கலாம். எதுவென்று வீட்டில் உட்கார்ந்து ஆராயாதீர்கள். விழுங்குகிற தெளிவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் கூட்டி வாருங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், அப்படியே தூக்கி வாருங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பியதும் வீட்டுக்கே போனேன். மருந்துப் பெட்டியைக் கண்ணால் பார்க்காமல் நான் எதையும் நம்புவதில்லை. நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, கரண்டும் இல்லை. கூடத்தில் அந்த அம்மாவின் படம். கீழே தனக்காக் கல், பர்மாவில் கன்னத்தில் பூசுகிற தனக்கா மரக்கட்டையை அரைக்கிற கல். பெரியவர் கட்டையை எடுத்துத் தண்ணீர் தெளித்து நிதானமாக அரைத்தார். மோதிர விரலில் தொட்டு, படத்தின் கண்ணாடி மேல் இரண்டு கன்னத்திலும் வட்டமாக வைத்தார். நேற்றைய பூச்சை ஈரத் துணியால் அதற்கு முன்பே துடைத்திருந்தார். கண்ணாடியில் ஒரு கறை இல்லை.

“இதை நிறுத்தச் சொல்லட்டுமா?” என்று மகள் என் காதில் கேட்டார். எதற்கு? காலையில் எழுந்து, குளித்து, ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்கிறார். இதைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை.

நான் அள்ளியது மாத்திரைகளைத்தான். அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு பை, பூஜை அலமாரியில் ஒரு பை, கடையில் கலந்து கட்டித் தந்த பொட்டலங்கள் ஏழெட்டு. எதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது இறந்திருந்தால் பதினாறாம் நாளுக்குள் மிச்ச மருந்து வீட்டைவிட்டுப் போக வேண்டும். சேலையை வைத்துக்கொள்ளுங்கள், மூக்குக் கண்ணாடியை வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை ஞாபகப் பொருள் அல்ல.

அடுத்தது, அப்பாவுடைய சொந்த மாத்திரைகள். இந்தத் தலைமுறை ஆண்களில் பலருக்குத் தங்கள் மாத்திரையின் பெயர் தெரியாது. “வெள்ளையா இருக்கும், அவதான் குடுப்பா.” கொடுக்கிற கை போனதும் மாத்திரையும் நின்றுவிடும். காரியம் முடிந்த வாரமே பெயரையும் அளவையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மாதம் ஒரு முறை எடை பாருங்கள். தட்டில் என்ன விழுகிறது என்று பாருங்கள். சோறும் ஙப்பி என்கிற மீன் விழுதும் பிஸ்கட்டும் சாப்பாடு இல்லை. சர்க்கரை நோயாளி அமாவாசை விரதம் இருப்பதென்றால் முன்கூட்டியே என்னிடம் கேட்கட்டும். பட்டினியும் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்தால் வியாழக்கிழமைக் கதைதான்.

இனிச் சொல்வதைத் திட்டாகக் கொள்ள வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். “அவகிட்டயே போயிடணும்” என்று அப்பா சொன்னால் “அப்படிப் பேசாதீங்கப்பா” என்று வாயை அடைக்காதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள்: சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, அதற்கு ஏதாவது நினைத்து வைத்திருக்கிறீர்களா? கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது பொய். ஆம் என்றால் அன்றே அழைத்து வாருங்கள், தனியாக விடாதீர்கள். 1964-ல் பர்மாவில் கடைகள் அரசுடைமையாகி நம் தமிழ் ஆட்கள் இந்தியாவுக்குக் கப்பலேறியதிலிருந்து தெருவுக்குத் தெரு இருந்த உறவு போய்விட்டது. இப்போது பிள்ளைகளும் சிங்கப்பூரில். சாயங்காலம் கதவைத் தட்டி “சாப்பிட்டியா” என்று கேட்க ஒரு ஆள் இல்லாத வீடுகள் எனக்கு நிறையத் தெரியும்.

பெட்டியைக் காலி செய்து முடித்ததும் பெரியவர் கேட்டார், “பெட்டியையாவது வச்சுக்கலாமா சயாமா?” ஏழு கிழமைக்கும் ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் பெட்டி. தாராளமாக, என்றேன். அவருடைய ரத்த அழுத்த மாத்திரையை அதில் நானே அடுக்கிக் கொடுத்தேன்.

நேற்று அதைக் கையில் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். ஆறு அறை காலி. செவ்வாய்க்கிழமை மட்டும் அப்படியே இருந்தது.

“செவ்வாய் ஏன் போடல?”

“அன்னிக்கு அவ திதி. விரதம்.”

“இது பிரஷர் மாத்திரைங்கய்யா. தண்ணியோட போடலாம், விரதம் கெடாது.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அவளும் இதையேதான் சொல்லுவா,” என்றார்.