பசந்த் பஹாருக்கு என்ன அவசரம்?

பசந்த பஞ்சமி என்ற வசந்த விழா நெருங்கினால் போதும், எங்கள் இந்துஸ்தானி வாய்ப்பாட்டு வகுப்பில் எல்லாரும் பசந்த் பஹார் ராகம்தான் கேட்பார்கள். பசந்த் பின்னிரவு ராகம், பஹார் நள்ளிரவு ராகம் என்றாலும், வசந்த காலத்தில் எந்த நேரமும் பாடலாம் என்ற சலுகை உண்டு. பகல்நேர விழா மேடைக்கும் ஒத்துவரும். எல்லாம் சரி. ஆனால் பசந்தும் பாடத்தில் இல்லை, பஹாரும் இல்லை, கைபேசியில் பார்த்த ஆரோகண அவரோகணத்தோடு குழந்தையை மேடையேற்றுகிறார்கள். அதுதான் கவலையாக இருக்கிறது.

பசந்த் பஹார் ஒரு ஜோட் ராகம், அதாவது இரண்டு ராகங்களின் இணைப்பு. இரண்டுமே வசந்தத்துக்கு உரியவை. ஸ்வரங்களிலோ எதிரும் புதிரும். இசையறிஞர் பாத்கண்டே வகுத்த பத்து தாட்களில் (ராகங்களை வகைப்படுத்தும் அடிப்படை ஸ்வர வரிசைகளில்) பசந்த் பூர்வியில் வரும், பஹார் காஃபியில். பசந்தில் ரிஷபமும் தைவதமும் கோமளம் (அரை ஸ்வரம் தாழ்ந்தவை), காந்தாரம் சுத்தம் (இயல்பானது). பஹாரில் இந்த மூன்றும் அப்படியே தலைகீழ். போதாததற்கு நிஷாதத்தில் கோமளம், சுத்தம் இரண்டும் வரும்.

அப்படியானால் எங்கே ஒட்டுகின்றன? முதலில் சுத்த மத்யமத்தில். பசந்தில் தீவிர (அரை ஸ்வரம் உயர்ந்த) மத்யமத்துக்குத்தான் வேலை அதிகம். ஆனாலும் ‘ஸ ம’ என்று ஒரே தாவில் சுத்த மத்யமத்தில் போய் நிற்கும் பிடி ஒன்று அதற்கு உண்டு. பஹாருக்கோ அந்த மத்யமம்தான் வாதி, அதாவது முதன்மை ஸ்வரம். அங்கே நின்றுகொண்டு ‘ம ப க ம, நி த நி ஸ’ என்று ஏறினால் பஹார் வந்துவிடும் (அந்தக் காந்தாரமும் முதல் நிஷாதமும் கோமளம்). அடுத்த இணைப்பு தார ஷட்ஜம் (மேல் ஸ). அங்கிருந்து கோமள ரிஷபத்தைத் தொட்டு ‘ரி நி த ப’ என்று இறங்கினால் மறுபடி பசந்த்.

தடுக்கி விழுவதும் இங்கேதான். பஹாரின் சுத்த தைவதத்தில் ஏறிய குரல், இறங்கும்போது பசந்தின் கோமள தைவதத்தைச் சற்று ஏற்றியே பிடிக்கும். ஹார்மோனியம் கூட ஒலித்தால் இது பாடுபவருக்கே தெரியாது. அதனால் இந்த இறக்கத்தை வெறும் தம்பூராவோடுதான் பாடவைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பஹாருக்கும் மழைக்கால ராகமான மியான் மல்ஹாருக்கும் ஸ்வரங்கள் ஒன்றே. ‘நி த நி ஸ’வை மேலே சுறுசுறுப்பாக எடுத்தால் பஹார், மந்த்ரத்தில் (கீழ் ஸ்தாயியில்) ஆட்டி, நிதானமாக இழுத்தால் மழைக்காலமே வந்துவிடும். பசந்துக்கும் பரஜ் ராகத்துக்கும் இதே நெருக்கம். எந்த ஸ்வரப் பட்டியலிலும் இந்த வித்தியாசம் கிடைக்காது. இரண்டு ராகத்திலும் தனித்தனியாக பந்திஷ் (தாளத்தில் அமைந்த பாடல்) பாடிப் பாடித்தான் அது தொண்டையில் ஏறும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஆசிரியர் பசந்த் பஹார் தொடங்கினால், குழந்தை அதற்குமுன் பசந்திலும் பஹாரிலும் என்ன பாடியிருக்கிறது என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றால் இந்த வருஷம் தனி பஹாரில் ஒரு துருத் (வேகமான) பந்திஷ் போதும். மேடைக்கு அதுவே தாராளம். அப்புறம் நிதானமாக பசந்தை ஆரம்பிக்கலாம்.