வைஃபைக்கு செல்போன் எண்ணைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள்

கும்பகோணம், மயிலாடுதுறையின் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. கூடத்தில் மாட்டிய ரூட்டரின் சிக்னல் திண்ணையைத் தாண்டி எதிர்வீடு வரை எட்டும். பாஸ்வேர்டு என்னவென்று பார்த்தால், பல வீடுகளில் வீட்டுக்காரரின் செல்போன் எண்தான். ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் படிவத்தில் இருந்த எண்ணையே போட்டுவிட்டுப் போயிருப்பார்.

தெரிந்தவர்கள் அதை ஊகிக்கக்கூட வேண்டாம். கடை போர்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அச்சாகியிருக்கும். தெரியாதவருக்கும் பெரிய வேலையில்லை. நம் நாட்டு செல்போன் எண்கள் 6, 7, 8, 9-இல்தான் தொடங்கும் என்பதால் மொத்தமே 400 கோடி வாய்ப்புகள். பல வீட்டு வைஃபைகளில் இருக்கும் டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில், உங்கள் போன் வைஃபையில் சேரும் கணத்தில் பரிமாறப்படும் தகவலைத் தெருவில் நின்று பதிவுசெய்துகொண்டால் போதும்; மீதியைத் தன் வீட்டில் வைத்துச் செய்யலாம். நல்ல கேமிங் கிராபிக்ஸ் கார்டு நொடிக்குப் பத்து லட்சம் எண்களைச் சோதிக்கும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே போனால் எல்லா எண்களும் முடிந்துவிடும். அப்படி நுழைந்தவர் மோசடி செய்தால், போலீஸ் முதலில் தேடி வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான்.

மாற்றுவது எளிது. வைஃபையில் இருந்தபடியே பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். ரூட்டரின் அமைப்புப் பக்கம் திறக்கும். சில ரூட்டர் பெட்டிகளில் முகவரி வேறாக இருக்கும், அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள். முதலில், அந்தப் பக்கத்துக்குள் நுழைவதற்கான அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு வயர்லெஸ் பகுதியில் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 இருந்தால் அதையும், இல்லையென்றால் ஏஇஎஸ் என்ற குறியாக்கத்தோடு டபிள்யூபிஏ2-வையும் தேர்ந்தெடுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய டிவியும் பிரிண்டரும் சேராமல் போகலாம். அப்போது இரண்டும் கலந்த முறையைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனிலோ பின் எண்ணிலோ சேரவைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க பின் எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் பிடிபடும் என்பது 2011-லேயே வெளிவந்த குறை.

பாஸ்வேர்டுக்குத் தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள்: மரக்கால், தும்பி, பித்தளை, சனிக்கிழமை என்பதுபோல. இதையே எடுக்காதீர்கள். 63 எழுத்து வரை இடமுண்டு. பலர் தவறும் இடம் ஒன்று இருக்கிறது: 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு இருக்கும் பெட்டியில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடுவார்கள்.

வைஃபை பெயரை மறைத்து வைப்பதால் பெரிய பயனில்லை.

விருந்தாளிகளுக்குக் கெஸ்ட் நெட்வொர்க்கைத் தனியாகத் திறந்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஒருமுறை சேர்ந்தவர், பாஸ்வேர்டை க்யூஆர் கோடாக அடுத்தவருக்குக் காட்டிவிட முடியும். குடியிருந்தவர் காலிசெய்தாலும் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் மின்கம்பி வழியே வரும் திடீர் மின்பாய்ச்சலில் பெட்டி எரிந்துபோவது நம் பக்கம் சகஜம். புதுப்பெட்டி வந்தால் பழைய அமைப்பு எதுவும் இருக்காது. செல்போன் எண்ணே மறுபடி பாஸ்வேர்டாக ஏறியிருக்கும். மாட்ட வந்தவர் கிளம்புவதற்குள் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, அவர் எதிரிலேயே எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.